பழைய மோட்டார் சைக்கிளில் பொறி மங்குவதேன்?

அந்தமானின் தலைநகராகிய போர்ட் பிளேயர், 2024ஆம் ஆண்டில் ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அந்நகரில் கடலையொட்டி அமைந்த பகுதி ஜங்லிகாட். மீன்பிடி படகுகள் கரை சேரும் துறை அங்கே உண்டு. விடியுமுன் அத்துறையில் மீன் வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்புறம் கூடையைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் விற்கச் செல்லும் நம்மவர் ஒருவரை நாம் அறிவோம். ஒரு மழைக்காலத்தில் அவருடைய பழைய வண்டி எத்தனை முறை உதைத்தும் கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தவர், "பொறி மங்கிவிட்டது, காயில் போய்விட்டது" என்றார். புதிய காயில் சென்னையிலிருந்து கப்பலில் வரவேண்டியதாயிற்று. கப்பல் பயணம் மட்டுமே ஏறத்தாழ மூன்று நாள். காத்திருந்ததையும் சேர்த்துப் பத்து நாள் வியாபாரம் நின்றது. புதிய காயிலைப் பூட்டிய பின்னரும் பொறி மங்கலாகவே இருந்தது!

குற்றம் எங்கே இருந்தது? பாட்டரியிலிருந்து வண்டியின் சட்டத்துக்குச் செல்லும் கம்பியின் முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, திருகை இறுக்கியதும் வண்டி கிளம்பிற்று. செலவு காலணாவும் இல்லை.

நாம் பொறியியல் கற்றவரல்லோம். மொழிபெயர்ப்பே நமது தொழில். எனினும் அத்தொழிலில் நாம் கற்ற பாடம் ஒன்று இங்கும் பொருந்துகிறது. ஒரு வாக்கியம் பொருந்தாவிடில் அதனை முழுவதும் அடித்துவிடுதல் எளிது. பிழை எந்தச் சொல்லில் உள்ளது என்று காண்பதே வேலை. அவ்வாறு காண்பதற்கு, பொறி எவ்வாறு பிறக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பழைய வண்டிகளின் பாட்டரி 6 அல்லது 12 வோல்ட் அழுத்தமே உடையது. பிளக்கின் இடைவெளியை மின்சாரம் தாண்டுவதற்கோ பல்லாயிரம் வோல்ட் வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்வது காயில். அதனுள் இரும்புத் துண்டைச் சுற்றி இரண்டு கம்பிச் சுருள்கள் உள்ளன: தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகள்; மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்றுகள். 'பாயிண்ட்' எனப்படும் இரு உலோக முனைகள் சேர்ந்திருக்கும்போது தடித்த சுருளில் மின்சாரம் ஓடிக் காந்தப் புலம் உண்டாகிறது. எஞ்சின் சுழல, பாயிண்ட் சட்டெனப் பிரிகிறது. காந்தப் புலம் சரிகிறது. மெல்லிய சுருளில் பேரழுத்தம் எழுகிறது. மைக்கேல் பாரடே 1831ஆம் ஆண்டில் கண்ட மின்தூண்டல் விதியே இது. அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் இதனை மோட்டார் வண்டிக்கு ஏற்றவாறு அமைக்க, 1910ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் அது இடம்பெற்றது. பாயிண்டின் அருகே அமைந்த கண்டென்சர் என்னும் சிறு உருளை, பிரியும் முனைகளிடையே மின்சாரம் தீயாகப் பாயாமல் தடுத்துத் துண்டிப்பை விரைவாக்குகிறது.

ஆகவே பொறி மங்குவதற்கு மூன்று வழிகளே உண்டு. காயிலுக்குப் போதிய மின்சாரம் வாராமை ஒன்று. வந்த மின்சாரம் விரைவாகத் துண்டிக்கப்படாமை இரண்டு. பிறந்த பேரழுத்தம் பிளக்கைச் சேருமுன் கசிந்துபோதல் மூன்று. இந்த வரிசையிலேயே சோதித்துச் செல்லுதல் நலம்.

முதலில் பொறியைப் பார்ப்போம். பிளக்கைக் கழற்றி, அதன் மூடியிலேயே செருகி, பிளக்கின் உலோகப் பகுதி எஞ்சினைத் தொடுமாறு வைத்து, வண்டியை உதைக்கவேண்டும். வெறுங்கையால் பிடித்தல் ஆகாது. பெட்ரோல் ஆவி வெளிப்படும் பிளக் துவாரத்துக்கு அருகே வைத்தலும் ஆகாது. நீல நிறமாய்ச் 'சடக்' என்ற ஒலியுடன் பாய்ந்தால் நல்ல பொறி; மெலிந்து மஞ்சளாகவோ சிவப்பாகவோ தோன்றினால் மங்கிய பொறி. வெளிக்காற்றில் ஒருவாறு தோன்றும் மங்கிய பொறி, எஞ்சினுக்குள் அழுத்தப்பட்ட வாயுவில் தோன்றாமலே போகலாம். அங்கே இடைவெளியைத் தாண்ட மிகுந்த அழுத்தம் வேண்டும்.

அடுத்து, மின்சாரம் வரும் வழி. ஓய்விலுள்ள நல்ல பாட்டரி, 12 வோல்ட் வகையாயின் ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், 6 வோல்ட் வகையாயின் 6.3 வோல்ட்டும் காட்டும். பாட்டரி முனைகள், சட்டத்தில் பூட்டிய கம்பி, சாவித்துவாரத்தின் இணைப்புகள் ஆகியவற்றைக் கழற்றித் துடைத்து இறுக்கவேண்டும். பாயிண்ட் சேர்ந்திருக்கையில் பாட்டரியிலும் காயிலின் நுழைவாயிலிலும் அளந்து பார்த்து, வேறுபாடு அரை வோல்ட்டுக்கு மேற்பட்டால், குற்றம் இடைவழியில் என்று கொள்க.

திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவான பழைய புல்லட் வண்டிகளில் இதற்கு ஒரு வசதி உண்டு. முகப்பு விளக்கின் மேல் உள்ள அம்மீட்டரே அது. சாவியைத் திருப்பி எஞ்சினை மெல்லச் சுழற்றினால், பாயிண்ட் சேரும்போது முள் ஒருபுறம் சாய்ந்து, பிரியும்போது நடுவுக்கு மீளும். முள் அசையவேயில்லையானால், காயிலைக் குறை கூறுமுன் பாயிண்டையும் கம்பிகளையும் காண்க.

இனித் துண்டிப்பு. பாயிண்டில் எண்ணெயோ கரியோ படிந்தால் மின்சாரம் தடைப்படும். நுண்ணிய அரத்தால் இலேசாகத் தேய்த்து, தூய துணியால் துடைத்து, முழுவதும் திறந்த நிலையில் இடைவெளியை அளக்கவேண்டும். புல்லட்டுக்கு அது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பாயிண்டைத் தள்ளும் குதி தேயத் தேய இடைவெளி குறையும். பொறி பிறக்கும் நேரமும் பிந்தும். பாயிண்டினிடையே பெரிய வெண்ணீலப் பொறி தெறித்து, முனைகள் விரைவில் கருகினால் கண்டென்சரை மாற்றுக. அதன் விலை சொற்பமே.

மூன்றாவது கசிவு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் ஸ்ரீவிஜயபுரத்தில் இதனை மறத்தலாகாது. உப்பும் ஈரமும் கலந்த படலம் மின்சாரத்துக்கு வழியாகும். பிளக் மூடியிலோ தடித்த கம்பியிலோ வெடிப்பு இருந்தால், இருளில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கையில் நீலக் கோடுகளாய்க் கசிவு தென்படும். பிளக்கின் பீங்கான் வெடித்திருந்தால் புதியது வேண்டும்.

இவையனைத்தும் செவ்வனே இருந்து, வண்டி குளிர்ந்தபோது ஓடிச் சூடேறியதும் நின்று, ஆறியபின் மீண்டும் கிளம்புமானால், அப்போது காயிலையோ கண்டென்சரையோ ஐயுறலாம். கண்டென்சரை முதலில் மாற்றிப் பார்த்தல் சிக்கனம். இம்முறை பாயிண்ட் உள்ள வண்டிகளுக்கே உரியது. மின்னணு முறையில் இயங்குபவற்றின் சோதனை வேறு.

சொந்த ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நம்மவர் பலருக்கு, தெரிந்த பட்டறையும் இல்லை. உதிரிப் பாகம் வாங்கப் பக்கத்தில் கடையும் இல்லை. அத்தகையோர் ஓர் உப்புத்தாள், இடைவெளி அளக்கும் தகடு, ஒரு பிளக், ஒரு கண்டென்சர் ஆகியவற்றைச் சிறு பெட்டியில் வைத்திருத்தல் போதும். ஜங்லிகாட் அன்பரும் இப்போது அவ்வாறே வைத்திருக்கிறார். மாதந்தோறும் ஒரு மாலை, பாட்டரியின் கம்பி முனையைக் கழற்றித் துடைக்கிறார். மறுநாள் விடியுமுன் துறைக்குச் செல்லவேண்டுமல்லவா?