பெற்றோரின் உடலும் பிள்ளைகளின் பூசலும்: ஊவாத் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு நோக்கு

தாயோ தந்தையோ இறந்த வீட்டில், துயரம் ஆறுமுன்னரே பிள்ளைகளிடையே பூசல் எழுவது புதியதன்று. புதைப்பதா எரிப்பதா, எந்த ஊரில், எச்சமயச் சடங்குடன், கொள்ளி வைப்பவர் யார் என்பனவே வினாக்கள். இவற்றை வெறும் பிடிவாதமெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. இறந்தவர் எவருக்கு உரியவர், எந்த மண்ணுக்கு உரியவர் என்னும் வினாவே இவற்றின் அடியில் உள்ளது. இதனைப் பதுளை மாவட்டத்து ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டங்களை முன்வைத்து ஆராய விழைகின்றோம்.

தந்தைக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைத்தல் தமிழரிடையே பரவலான வழக்கு. அவ்வழக்கு நிலைபெறப் பிள்ளைகள் அருகிருத்தல் வேண்டும். மலையகத்தில் அந்நிலையை வரலாறே குலைத்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. பெற்றோரின் குழி இக்கரையிலும் பிள்ளை அக்கரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. பின்னர் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் தொழில் தேடிச் சென்றோரும், வேறு சமயம் தழுவினோரும் உளர். லயத்திலிருந்து பெற்றோரைப் பராமரித்த பிள்ளையும், தொலைவிலிருந்து பணம் அனுப்பிய பிள்ளையும் ஒரே உரிமையைக் கோரும்போது பூசல் தவிர்க்கவியலாததாகின்றது.

இதில் இறந்தவரின் சொல்லுக்கு மதிப்பு யாது? 1882இல் இங்கிலாந்து நீதிமன்றமொன்று, பிணம் எவருடைய சொத்துமன்று என்றும், எனவே ஒருவர் தம் உடலை மரணசாசனத்தால் வழங்கவியலாது என்றும் தீர்ப்பளித்தது. தம் உடலை எரிக்குமாறு நண்பரொருவரிடம் பணித்திருந்தவரைக் குடும்பத்தார் புதைத்த வழக்கு அது. நம் காலத்திலோ மாறான போக்கும் தென்படுகின்றது. கேரளத்தின் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டுத் தலைவர் எம். எம். லாரன்ஸ் 2024 செப்ரெம்பரில் மறைந்தார். உடலை மருத்துவக் கல்லூரிக்கு வழங்குதலே தந்தையின் விருப்பமென மகன் கூற, கிறித்தவ முறைப்படி அடக்கம் செய்தல் வேண்டுமென மகளொருவர் வழக்காடினார். உயர் நீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. 2025 சனவரியில் இந்திய உச்ச நீதிமன்றமும் அதனைத் தள்ளுபடி செய்தது. தந்தை வாய்மொழியாகத் தெரிவித்ததாகக் கூறப்பட்ட விருப்பமே நிலைபெற்றது.

ஆயின், இத்தகைய வழக்குகள் இரண்டினை முன்கூட்டியே கொள்கின்றன: ஓர் உடல், அதற்கோர் இடம். தோட்டத் தொழிலாளிக்கு இவ்விரண்டும் உறுதியானவையல்ல. அவர் வாழ்ந்த லயமும் அடங்கும் மயானமும் அவருடைய நிலங்கள் அல்ல. 1970களில் அரசுடைமையாகி, 1992 முதற் கம்பனிகளின் நிருவாகத்தில் விடப்பட்ட தோட்டங்களின் பகுதிகளே அவை. உறுதியில்லா நிலத்தில், முன்னோரின் குழிமேடே பல குடும்பங்களுக்கு ஊர்ச் சான்றாயிற்று. அங்கே அம்மாவை அடக்கவேண்டும் எனப் பிள்ளை அடம்பிடிப்பதன் பொருள் இதுவே.

ஹல்துமுல்லைப் பிரிவிற்குட்பட்ட கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்தோபர் 29 காலையில் நிகழ்ந்தது இதனை இன்னும் தெளிவாக்கும். மலை சரிந்து லயங்களை மூடிற்று. மண்சரிவு அபாயம் குறித்து முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்புகையிற் பெற்றோரும் இல்லை, வீடும் இல்லை. பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. புதைப்பதா எரிப்பதா எனப் பிணங்குவதற்கும் அப்பிள்ளைகளுக்கு வாய்ப்பில்லாது போயிற்று. வாழ்விடமே குழியாயிற்று.

எனவே இரு முடிபுகளைக் கூறலாம். பெற்றோர் தம் விருப்பத்தை உயிரோடிருக்கையிலேயே பிள்ளைகள் யாவர்க்கும் அறிவித்தலும், இயலுமாயிற் சாட்சிகளுடன் எழுதி வைத்தலும் குடும்பப் பூசலைப் பெரிதும் தணிக்கும். எனினும் குடும்பத்துக்குள் மட்டும் தீர்வு காணல் போதாது. வாழ்வதற்குப் பாதுகாப்பான நிலமும் அடங்குவதற்கு உரிமையுள்ள நிலமும் தோட்ட மக்களுக்கு உறுதி செய்யப்படல் வேண்டும். இறந்தோர்க்குரிய மரியாதை உயிரோடிருப்போரின் நில உரிமையிலிருந்தே தொடங்குகின்றது என்பது எமது கருத்தாகும்.