பழுதும் பழக்கமும் – 14: விசில் கேட்கிற காது

சென்ற வாரம் கரையான் அரித்த அடிப்பலகையை மாற்றியதோடு நிறுத்தியிருந்தேன். அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டி இப்போது நிமிர்ந்து நிற்கிறது. படம்தான் வரவேண்டும்.

பாண்டியிலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு வந்துவிடும். சில கிலோமீட்டரில் மறுபடியும் புதுச்சேரி. அங்கேதான் இந்தப் பெட்டி நிற்கிற பிள்ளைச்சாவடி. கடல் கரையைத் தின்றுகொண்டிருக்கிற ஊர். அந்த உப்புக்காற்று கேம் போர்டையும் விட்டுவைக்கவில்லை. ஜாமா கனெக்டரின் 56 முனைகளும் பச்சை பூத்திருந்தன. பள்ளிக்கூட ரப்பரால் ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கியும் போர்டு எழவில்லை. அதனிடத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை உட்கார வைப்பது என்று முடிவு செய்தோம்.

“பிக்சர் டியூபைக் கழட்டிட்டு எல்.சி.டி. மாட்டிடுங்க சார்” என்று சொல்லாதவர் இல்லை. எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பெட்டியில் ஓடியது 1993-இல் கேப்காம் வெளியிட்ட ‘காடிலாக்ஸ் அண்டு டைனோசர்ஸ்’. நம் பையன்களுக்கு அது ‘முஸ்தபா’. வீட்டு கேம் கருவி எதற்கும் அது வந்ததே இல்லை. அன்று இப்படியொரு பெட்டிக்கு முன்னால் நின்றுதான் ஆடியாக வேண்டியிருந்தது. 384 புள்ளி அகலம், 224 வரி உயரம், அவ்வளவே அதன் படம். டியூபில் வரிக்கு வரி மெல்லிய இருட்டு விழுந்து, வண்ணம் கரைந்து, மஞ்சள் தொப்பி முஸ்தபா உயிரோடு தெரிவான். எல்.சி.டி.யில் அவன் வெறும் கட்டம் கட்டமாகத்தான் நிற்பான்.

அந்த டியூபோடு கம்ப்யூட்டரை இணைப்பதில் சிக்கல் வேகத்தில் இருக்கிறது. டியூபுக்குள் கதிர் இடமிருந்து வலமாகக் கோடு கோடாக ஓடிப் படம் வரைகிறது. முஸ்தபா போர்டு நொடிக்கு 15,625 கோடு போடும். நம் பழைய தூர்தர்ஷன் படமும் அதே 15,625 தான்: 625 வரி, நொடிக்கு 25 முழுப்படம், பெருக்கிப் பாருங்கள். ஜப்பான் விளையாட்டுக்கு நம்மூர் டிவி டியூபும் சேசிஸும் பொருந்திப்போன ரகசியம் இதுதான். கம்ப்யூட்டரோ 1987-இல் வி.ஜி.ஏ. வந்ததிலிருந்து நொடிக்குச் சுமார் 31,500 கோடாவது அனுப்புகிறது. ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதன் விளைவை முதல் நாளே பார்த்தோம். மெக்கானிக் அண்ணன் அறுபதைத் தாண்டியவர். அவருடைய பேரன் ஒன்பதாவது படிக்கிறான். கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் அவன் ஒன்றாகப் போட்டுவிட்டான். திரையில் ஒரே எழுத்து பக்கத்தில் பக்கத்தில் இரண்டாகத் தெரிந்து, கிழிந்து சாய்ந்தது.

“தாத்தா, விசில் ஏறுது, நிறுத்துங்க!”

அண்ணன் பிளக்கைப் பிடுங்கினார். “எனக்கு ஒண்ணும் கேக்கலியேடா” என்றார். எப்படிக் கேட்கும்? கோடு போடும் வேகத்துக்கே எல்.ஓ.டி. என்கிற லைன் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் ஃபெரைட் உள்ளகம் அதிர்கிறது. பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட அந்த மெல்லிய சுருதி வயதானவர் காதுக்கு எட்டாது. பையனுக்கு எட்டுகிறது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் லைன் டிரான்சிஸ்டர் போயிருக்கும்.

மானிட்டரை வேகப்படுத்த முடியாது, கம்ப்யூட்டரைத்தான் இறக்க வேண்டும். பழைய ரேடியான் கார்டு ஒன்றும், அதற்கான சி.ஆர்.டி. எமுடிரைவர் என்ற இலவச மென்பொருளும் அந்த வேலையைச் செய்கின்றன. விண்டோஸ் முழுக்க எழுந்து கோடு பதினைந்தாயிரத்துக்கு இறங்கிய பிறகே மானிட்டருக்குக் கரண்ட் என்று பையனே சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தான்.

மற்றவை சில்லறை வேலை. கார்டு தருவது 0.7 வோல்ட், கேம் போர்டு தந்ததோ அதைப்போலப் பல மடங்கு. அதனால் படம் மங்கும். மூன்று வண்ணத்துக்கும் சின்ன ஆம்ப்ளிஃபையர் வைத்தோம். தனித்தனியாக வரும் இரண்டு சிங்க் வயரை ஒரு 7486 ஐ.சி. ஒன்றாக்கியது.

ஒன்றை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். இந்த மானிட்டர்கள் பலவற்றில் சேசிஸ் நேராக மெயின் கரண்டோடு தொடர்பில் இருக்கும். ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் கம்ப்யூட்டரின் கிரவுண்டை அதில் சேர்த்தால் கார்டு கருகும், தொட்டவர் உயிருக்கும் ஆபத்து. டியூபின் ஆனோடில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கும். டிவி வேலை தெரிந்த கை பக்கத்தில் இல்லாமல் பின்மூடியைத் திறக்காதீர்கள்.

சனிக்கிழமை இரவு படம் வந்தது, ஆனால் மேலும் கீழும் உருண்டது. டிவி நொடிக்கு 50 முறை இறங்கிப் பழகியது. முஸ்தபாவுக்கு ஏறக்குறைய 60. அண்ணன் பிளாஸ்டிக் திருப்புளியால் வி.ஹோல்டை ஒரு நூலளவு திருப்பினார். படம் நின்றது. பிறகு உயரத்தைக் கூட்டினார். நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பையன் மட்டும் கண்ணை மூடிப் பெட்டியில் காதை வைத்திருந்தான்.

“ஏறல தாத்தா. ஒரே மாதிரி இருக்கு.”

அண்ணன் பின்மூடியை மாட்டத் திருகுகளைக் கையில் எடுத்தார்.