புது டிஸ்க் போட்ட பிறகும் லேப்டாப் நின்று போகிறதா?



நமது அறக்கட்டளையின் கல்வி உதவிக்கு வரும் மனுக்களில் ஃபீஸுக்கு அடுத்தபடியாக இப்போது அதிகம் கேட்கப்படுவது லேப்டாப்தான். எல்லோருக்கும் புதிது வாங்கித் தரும் அளவுக்கு நம்மிடம் நிதி இல்லை. ஆனால் பல வீடுகளில் பழைய லேப்டாப் ஒன்று பீரோவுக்குள் கிடக்கிறது. 2011 முதல் தமிழக அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியாக அது இருக்கும். அண்ணனோ அக்காவோ படித்த காலத்தில் வாங்கியது. அதன் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. என்னும் புது வகை டிஸ்க்கைப் பொருத்தினால், பத்து நிமிடத்தில் திறந்த இயந்திரம் ஒரு நிமிடத்துக்குள் திறந்துவிடும். குறைந்த செலவில் ஒரு பிள்ளையின் படிப்புக்கு வழி பிறக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

இப்படிச் செய்து கொடுத்த லேப்டாப்களில் ஒன்று எங்களைத் தலைகுனிய வைத்துவிட்டது. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

பி.காம் படிக்கும் மாணவர் ஒருவருக்கு 240 ஜிபி டிஸ்க் வாங்கிப் போட்டுக் கொடுத்தோம். மூன்றாம் நாள் அவருடைய தாயார் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் வந்துவிட்டார். “பாய், நல்லா ஓடிக்கிட்டே இருக்கு, திடீர்னு நீலக் கலர்ல ஏதோ வந்து நின்னுடுது. பிள்ளை ராத்திரி பூரா எழுதுனது போயிடுச்சு” என்றார். புதிதாக மாற்றியது டிஸ்க் மட்டும்தானே, ஆகவே டிஸ்க்தான் பழுது என்று நாங்கள் தீர்மானித்தோம். விற்ற கடைக்குப் போய், தர்ம காரியத்துக்கு வாங்குகிறோம் என்று தெரிந்தும் இப்படிச் செய்யலாமா என்று கொஞ்சம் உரக்கவே பேசினோம். அவர் மறுபேச்சு பேசாமல் வேறு டிஸ்க் கொடுத்தார். அதைப் போட்ட பிறகும் அதே நீலத்திரை.

பிறகு நம் தன்னார்வலர்களில் ஒருவர் டிஸ்க்கையே கழற்றி வைத்துவிட்டு, பென் டிரைவில் இருந்த லினக்ஸ் மின்ட் மூலம் லேப்டாப்பை ஓடவிட்டார். இருபது நிமிடத்தில் அப்போதும் நின்றது. உள்ளே டிஸ்க்கே இல்லாதபோது டிஸ்க்கை எப்படிக் குறை சொல்வது? அடி மூடியைத் திறந்தால் மெமரி சிப், அதாவது ரேம், ஒரு பக்கக் கொக்கி மாட்டாமல் லேசாகத் தூக்கி நின்றது. பல பழைய லேப்டாப்களில் டிஸ்க்கும் ரேமும் அக்கம்பக்கத்தில் ஒரே மூடிக்குள் இருக்கும். டிஸ்க் மாற்றியபோது நம் கைதான் அதை அசைத்திருக்கிறது. கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டு, அவருடைய இரண்டாவது டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தோம். “பரவாயில்லை பாய்” என்று டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீ இறங்கவில்லை.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். வீட்டில் நீங்களும் அதைப் பின்பற்றலாம்.

லேப்டாப் நிற்கத் தொடங்கியதும் முதல் வேலை, திறக்கும் நேரத்திலேயே பிள்ளையின் பாடம், ப்ராஜெக்ட், சான்றிதழ் நகல்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வைப்பது. பழுது பார்க்கும் வேலையெல்லாம் அதன் பிறகுதான். பழைய டிஸ்க்கையும் உடனே அழித்துவிடவோ எடைக்குப் போட்டுவிடவோ வேண்டாம். ஒரு மாதமாவது பத்திரமாக இருக்கட்டும்.

அடுத்து, எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். எந்த அறிவிப்பும் இல்லாமல் விளக்கை அணைத்ததுபோல் அணைந்தால் சூடு, சார்ஜர் அல்லது பேட்டரி பக்கம் சந்தேகப்படலாம். அடியில் கை வைத்தால் கொதிக்கிறதா, காற்றாடிச் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். உள்ளே கைவைத்தபோது காற்றாடியின் சின்ன ஒயரை மாட்ட மறந்திருக்கலாம். மெத்தை மேல் வைத்து ஓட்டினாலும் இதே கதைதான். நீலத்திரை வந்தால் அதில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவருக்குப் பாதி வேலை அதிலேயே முடியும். ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று வந்தால் ரேமை முதலில் பார்ப்போம். ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று வந்தால் விண்டோஸுக்கு டிஸ்க் கண்ணில் படவில்லை என்று பொருள். பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்துப் போட்டிருக்கும்போது பயாஸில் சாட்டா அமைப்பு மாறியிருந்தால் இது வரும். எதுவும் வராமல் திரை உறைந்து, சுட்டி மட்டும் நகர்ந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் டிஸ்க்கோ அதன் இணைப்போதான்.

மேலே சொன்ன பென் டிரைவ் சோதனையைவிட நேரான சோதனை வேறில்லை. 8 ஜிபி பென் டிரைவ் போதும், லினக்ஸ் மின்ட் இலவசம். டிஸ்க் இல்லாமல் இரண்டு மணி நேரம் தடையின்றி ஓடினால் டிஸ்க், அதன் இணைப்பு, அதில் போட்ட விண்டோஸ் இந்த மூன்றுக்குள்தான் கோளாறு. அப்போதும் நின்றால் டிஸ்க் வாங்கிய கடைக்குப் போக வேண்டியதில்லை.

ரேமைத் தொடும் முன் சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட வேண்டும். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல் என்றால் பழகியவர் கையில் கொடுப்பதே நல்லது. ரேமைக் கழற்றி, சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கொக்கியும் டிக்கென்று மாட்டும். ஒரு பக்கம் மட்டும் மாட்டினாலும் இயந்திரம் திறந்துவிடும். எங்களை ஏமாற்றியது அதுதான். பிறகு விண்டோஸில் இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் சோதனையை ஒரு முறை ஓடவிடுங்கள்.

டிஸ்க் இணைப்பில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர் தடிமன். இப்போதைய எஸ்.எஸ்.டி. 7 மில்லிமீட்டர். அந்த இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் டிஸ்க் ஆடும். மடியில் வைத்து டைப் செய்யும்போது இணைப்பு விட்டுவிட்டு வரும். சில பெட்டிகளில் இதற்கென்றே பிளாஸ்டிக் சட்டம் ஒன்று கூட வரும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய டிஸ்க்கைத் தாங்கிய தகடும் திருகும் திரும்ப மாட்டப்பட்டதா என்றும் கேளுங்கள்.

டிஸ்க்கே சரிதானா என்று பார்க்க கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ‘சிஆர்சி எரர்’ என்ற எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் பெரும்பாலும் இணைப்பில் கோளாறு. அதே பக்கத்தில் டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் வரும். புதிது என்று வாங்கியது ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியிருந்தால் அது புதிதல்ல. கடையில் வாங்கிய அன்றே பாருங்கள். பில் கையில் இருக்கும்போதே பேசினால் வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

பழைய டிஸ்க் பழுதாகத் தொடங்கிய பின் அதிலிருந்து நகலெடுத்திருந்தால் கெட்டுப்போன கோப்புகளும் புதிய டிஸ்க்குக்கு வந்து சேரும். இதற்கு மருந்து, விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான். முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்த விண்டோஸ் 10 என்றால், டிஸ்க் மாற்றியதற்காக மீண்டும் லைசென்ஸுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. உரிமம் மதர்போர்டோடு ஒட்டியது. யாராவது அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

கழற்றிய பழைய டிஸ்க் விஷயத்தில் தாய்மார்கள் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும். அதில் வீட்டுப் பெண்களின் படங்கள், நிக்காஹ் வீடியோ, ஆதார் நகல், பாஸ்புக் எல்லாம் இருக்கும். ‘டெலிட்’ செய்தாலும் அவை மீட்கக்கூடியவையே. கடையில் விட்டுவிட்டு வராமல் கேட்டு வாங்கி வாருங்கள். தேவையானதை எடுத்த பிறகு, ‘குயிக் ஃபார்மட்’ என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். பல மணி நேரம் ஆகும், ஆகட்டும். ஓடாத டிஸ்க் என்றால் உள்ளிருக்கும் தட்டை உடைத்துவிட்டுப் போடலாம்.

வீட்டில் பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் ஞாயிறு அஸருக்குப் பின் நம் அலுவலகத்துக்குக் கொண்டு வரலாம். சார்ஜர், கழற்றிய பழைய டிஸ்க், புது டிஸ்க்கின் பில், நீலத்திரைப் படம் நான்கும் கூடவே வரட்டும். மூடியைத் திறப்பது உங்கள் முன்னிலையில்தான்.