உணவு தந்தோம்; பராமரிப்பு?

விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்ளும் பகுதி வட சென்னை. காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத் தெருவாக விற்கும் பெண்களும், தூய்மைப் பணிக்கும் வீட்டு வேலைக்கும் செல்வோரும் மூலக்கொத்தளம், கொருக்குப்பேட்டை, ராயபுரம் குடியிருப்புகளிலிருந்து இருள் விலகும் முன்னரே புறப்படுகின்றனர். அங்கன்வாடி திறப்பதற்குள் அவர்களுடைய வேலை நாளில் பெரும் பகுதி கழிந்துவிடும். அதுவரை கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார்? பாட்டி, அண்டை வீட்டார் அல்லது பள்ளிக்குச் செல்ல வேண்டிய அக்கா. இதனை அந்தந்தக் குடும்பத்தின் சிக்கல் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் இது மாநிலத்தின் பொருளாதாரச் சிக்கல்.

குழந்தைகளுக்கு உணவளிப்பதில் தமிழகம் நாட்டுக்கே முன்னோடி. வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்த சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கப்பட்டது. 1975-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், 1980-இல் உலக வங்கி உதவியுடன் ஊட்டச்சத்துத் திட்டம், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம், 2022-இல் காலை உணவுத் திட்டம் என இந்த மரபு தொடர்ந்து வந்துள்ளது. இன்று மாநிலத்தில் ஏறத்தாழ 54 ஆயிரம் அங்கன்வாடி மையங்கள் உள்ளன.

ஆயினும் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளோரில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் நாம் அதிகம் பேசாத ஒன்று பராமரிப்பு. ஒரு வயதுக் குழந்தை ஒரே வேளையில் நிறைய உண்ணாது. சிறிது சிறிதாக, பலமுறை, பொறுமையாக ஊட்ட வேண்டும். அங்கன்வாடி அதன் வீட்டுக்குச் சத்துமாவை அனுப்புகிறது. அதைக் கிண்டி ஊட்ட ஆள் இருக்கிறாரா என்று கேட்பதில்லை.

கூடுதலாக ஓர் ஆள் இருந்தால் என்ன நிகழும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. மாநில அரசின் ஒத்துழைப்போடு, பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் இங்கு ஓர் ஆய்வை மேற்கொண்டனர். தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கன்வாடிகளில் முன்பருவக் கல்விக்கென அரைநாள் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. மொழியிலும் கணக்கிலும் குழந்தைகள் முன்னேறினர். வளர்ச்சிக் குறைபாடும் கடும் ஊட்டக்குறைவும்கூடக் குறைந்தன. செலவைப் போலப் பல மடங்கு பயன் கிடைக்கும் என்பது அவர்களுடைய மதிப்பீடு. நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன், அமெரிக்காவின் பெரி முன்பருவப் பள்ளித் தரவுகளைக் கொண்டு வந்தடைந்த முடிவும் இதுவே: இளமையில் இடும் முதலீடே அதிகம் ஈட்டித் தரும்.

நம் சட்டங்களோ முதலாளி இருக்கும் தாயை மட்டுமே கண்டன. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களுக்கு அதனைக் கட்டாயமாக்கியது. தலையில் கூடை சுமந்து மீன் விற்பவர் எந்த நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டில் இருக்கிறார்?

ஆகவே, கூட்டுப் பொறுப்பு தேவை. கட்டடமும் குடிநீரும் மாநகராட்சி தரட்டும். உணவையும் பயிற்சியையும் சமூக நலத் துறை ஏற்கட்டும். எடை, தடுப்பூசி, வளர்ச்சிக் கண்காணிப்பை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் பார்க்கட்டும். எண்ணூர், திருவொற்றியூர், மணலி வட்டாரத்துப் பெருநிறுவனங்கள், 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி ஒதுக்கும் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பங்கைக் காப்பகப் பணியாளர்களின் ஊதியத்துக்கு அளிக்கட்டும். இந்தக் காற்றையும் நிலத்தையும் பயன்படுத்துவோர் இங்குள்ள குழந்தைகளுக்குக் கடன்பட்டவர்கள். மையம் திறக்கும் நேரத்தை, தாய்மார்கள் இடம்பெறும் குழு முடிவு செய்யட்டும். கட்டுமானத் தளங்களில் ‘மொபைல் கிரெஷஸ்’ அமைப்பு 1969 முதல் இத்தகைய கூட்டு முயற்சியை நடத்தி வருகிறது. கர்நாடகம் ‘கூசின மனே’ என்ற பெயரில் ஊராட்சிகளில் காப்பகங்களைத் திறந்துள்ளது.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. மதிப்பூதியத்தில் பணிபுரியும் அங்கன்வாடி ஊழியரின் தோளிலேயே இந்தச் சுமையையும் ஏற்றிவிடக் கூடாது. கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் பணியாளர், அவருக்கு உரிய ஊதியம் என்பதே நேர்மையான கணக்கு. பகுதிப் பெண்களுக்கே அந்த வேலையைத் தந்தால் குடும்ப வருமானமும் உயரும்.

2024 மார்ச் மாதம், மூலக்கொத்தளத்துக்கு அருகிலுள்ள தங்கசாலையில் வட சென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. சாலை, கழிவுநீர், குடியிருப்பு ஆகியவற்றோடு, விடியலில் திறக்கும் குழந்தைகள் காப்பகத்தையும் உள்கட்டமைப்பாகக் கருத வேண்டும். ஆயிரம் விளக்குப் பள்ளியின் மதிய உணவு 1925-இல் நின்றுபோனது. அதற்கு அன்றைய ஆட்சி சொன்ன காரணம் செலவு. அந்தச் செலவைத் துணிந்து ஏற்கத் தமிழகத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. காப்பகத்துக்கும் அத்தனை காலம் காத்திருக்க முடியாது. ஒரு குழந்தையின் முதல் ஆயிரம் நாள்கள் திரும்பி வருவதில்லை.