பித்தப்பை அறுவைக்குப் பின் தோளில் ஏன் வலிக்கிறது?

நுண்துளை அறுவைச் சிகிச்சையில் பித்தப்பை அகற்றப்பட்டவர்களை மறுநாள் நாங்கள் பார்க்கச் செல்லும்போது, அவர்களுள் பலர் வயிற்றைவிடத் தோள் வலியையே முதலில் குறிப்பிடுகின்றனர். அறுவை நடந்தது வயிற்றில், வலிப்பது தோளில். இதயத்தில் ஏதேனும் கோளாறோ என்று குடும்பத்தாரும் கலங்குவதுண்டு.

இவ்வலிக்குக் காரணம் இருக்கிறது. உள்ளுறுப்புகள் தெளிவாகத் தெரிவதற்காக, அறுவையின்போது வயிற்றினுள் கரியமில வாயுவைச் செலுத்துகிறோம். முடிவில் அதனை வெளியேற்றினாலும் சிறிதளவு தங்கிவிடுகிறது. அது வயிற்றுக்கும் மார்புக்கும் இடையிலுள்ள உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்திற்கும் தோளுக்கும் செல்லும் நரம்புகள் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து வருவதால், மூளை அதனைத் தோள்வலியாக உணர்கிறது. மிஞ்சிய வாயுவை உடல் உறிஞ்சி, மூச்சின் வழியே வெளியேற்றிவிடும். பெரும்பாலோருக்கு 2, 3 நாட்களில் இவ்வலி அடங்கிவிடும்.

துளையிட்ட இடங்களில், குறிப்பாகத் தொப்புள் அருகே, சில நாட்கள் வலி இருக்கும். "தாங்க முடியாதபோது மாத்திரை போட்டுக்கொள்ளலாம்" என்று காத்திருக்க வேண்டாம். வலிக்கு அஞ்சி ஆழ்ந்து மூச்சு விடாமலும் இருமாமலும் இருந்தால் நுரையீரலில் சளி தேங்கும். நடக்காமல் படுத்தே இருந்தால் கால் சிரைகளில் இரத்தம் உறையக்கூடும். ஆகவே, முதல் சில நாட்கள் எழுதித் தந்த வேளைகளில் தவறாமல் மாத்திரை உட்கொள்ளுங்கள். இருமும்போது ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். வீட்டிற்குள் அடிக்கடி சிறிது தூரம் நடங்கள்.

உடனிருந்து கவனிப்போருக்கு ஒரு வேண்டுகோள். சளி, காய்ச்சலுக்குக் கடைகளில் வாங்கும் பல மாத்திரைகளிலும் பாராசிட்டமால் உண்டு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு மிகுந்து கல்லீரல் பாதிக்கப்படும். சிறுநீரக நோய், வயிற்றுப்புண் உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை எங்களைக் கேளாமல் உட்கொள்ளக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, வலி செல்லும் திசை. அது நாளுக்கு நாள் குறைந்துவர வேண்டும். குறைந்த வலி மீண்டும் கூடினால், அல்லது வயிற்றுவலியோடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், கண்ணில் மஞ்சள் நிறம், தொடர் வாந்தி, வயிறு உப்பி இறுகுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அது பித்தநீர்க் கசிவாகவோ தொற்றாகவோ இருக்கலாம். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றை வாயுவலி என்று ஒதுக்குவதும் ஆபத்து. காலில் வலியுடன் வீக்கம் தோன்றினாலும் தாமதிக்கலாகாது. இத்தகைய அறிகுறிகள் தெரிந்தால், மறுபரிசோதனை நாள்வரை காத்திராமல், இரவானாலும் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்து திரும்புவது எங்களுக்குத் தொந்தரவன்று. அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.