குதிகால் வலியா? பயணத்துக்கு எந்த ஷூ?

ராத்திரி முழுக்க ரயிலில் வந்து, பிளாட்பாரத்தில் முதல் அடி வைத்ததும் குதிகாலில் சுரீரென்கிறதே, ஏன்? குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த சவ்வு ஓய்வில் இறுகிவிடுகிறது. எடை விழுந்ததும் வெடுக்கென்று இழுபடுகிறது.

அதனால் ஷூவைக் கடையிலேயே வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் அந்தச் சவ்வுக்குத் தாங்கல் கிடைக்காது; எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் வேண்டாம். குதிகாலைப் பிடிக்கும் பின்பகுதி, கட்டைவிரலால் அழுத்தினால் நசுங்கக் கூடாது.

மாலையில் வாங்குங்கள், பாதம் சற்றே வீங்கியிருக்கும். நெடுநேரம் உட்கார்ந்து போனாலும் கெண்டைச்சதை அசையாமல் நீர் தேங்கி அதே வீக்கம் வரும். நின்று பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் சுமார் 1 செ.மீ. இடம் வேண்டும்.

சர்க்கரை நோயால் உணர்வு குறைந்த பாதத்துக்கு ஷூ கடிப்பதே தெரியாது. அப்படி உணர்வு குறைந்தவர்கள் தினமும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகே அணிய வேண்டும்.