கடைசியாக இறங்கிய கார்!

1999-ம் ஆண்டு டிசம்பர் 14-ந்தேதி. மாலை நேரம்.

கனடா நாட்டின் விக்டோரியா நகரில் இருந்து ஒரு கப்பல் வந்தது. கார்களை ஏற்றிவரும் கப்பல் அது. அமெரிக்காவில் போர்ட் ஏஞ்சலிஸ் என்ற சிறிய துறைமுகத்தில் கரை சேர்ந்தது.

கார்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியாக ஒரு கார் வந்தது. அதில் ஒரே ஒரு ஆள்.

டயானா டீன் என்ற பெண் சுங்க அதிகாரி காரை நிறுத்தினார். எங்கே போகிறீர்கள், எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான்.

அந்த ஆசாமிக்கு வியர்த்தது. டிசம்பர் மாதக் குளிரில் வியர்வை! பதில் குழறியது. கைகள் எதையோ துழாவின.

காரின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். மாற்று டயர் வைக்கும் பள்ளத்தில் பைகள் இருந்தன. பைகளில் வெள்ளைத் தூள். போதைப்பொருள் என்றே முதலில் நினைத்தார்கள். அதற்குள் ஆசாமி ஓட்டம் பிடித்தான். தெருத்தெருவாக விரட்டிப் பிடித்தார்கள்.

அது போதைப்பொருள் அல்ல. வெடிகுண்டு செய்யும் சரக்கு!

அவன் பெயர் அகமது ரெஸ்ஸாம். அல்ஜீரியா நாட்டவன். பொய்ப் பெயரில் கனடா பாஸ்போர்ட் வைத்திருந்தான். 2000-ம் ஆண்டு பிறக்கும் வேளையில் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் குண்டு வைப்பது அவன் திட்டம்.

ஏவுகணை பறந்தது

இந்த வித்தையை அவன் கற்றது ஆப்கானிஸ்தானில். 1998-ல் அங்கே பயிற்சி முகாமில் இருந்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டு 7-ந்தேதி, நைரோபி, தார் எஸ் சலாம் நகரங்களில் அமெரிக்கத் தூதரகங்கள் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டன. 224 பேர் மாண்டனர். பெரும்பாலோர் ஆப்பிரிக்க மக்கள்.

13 நாள் கழித்து அமெரிக்கா திருப்பி அடித்தது. கடலில் இருந்து ஏவுகணைகள் பறந்தன. ஆப்கானிஸ்தானில் சில முகாம்கள் நொறுங்கின. சூடான் நாட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலை தரைமட்டம் ஆனது. ஆனால் ஒசாமா பின்லேடன் தப்பிவிட்டான். ரெஸ்ஸாமுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயிற்சியை முடித்துக்கொண்டு கனடா திரும்பினான்.

கடைசியில் அவனை மடக்கியது, கார் அருகே நின்று கேட்ட ஒரு கேள்வி!

அப்படியானால் எல்லையில் ஆள் நிறுத்தினால் போதுமா? அயல்நாட்டில் போய்ச் சண்டை போட வேண்டாமா?

அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது.

காவல்காரருக்குச் சொல்லவில்லை

2001-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந்தேதி 4 விமானங்களைக் கடத்தியவர்கள் 19 பேர். யாரும் வேலி தாண்டி வரவில்லை. விசா வாங்கி, வாசல் வழியாகவே வந்தார்கள். 2,977 பேரைக் கொன்றார்கள்.

அந்த 19 பேரில் 2 பேரைப் பற்றி உளவுத்துறைக்கு 2000-ம் ஆண்டிலேயே தெரியும். ஆனால் அவர்கள் பெயர் கண்காணிப்புப் பட்டியலில் ஏறியது 2001 ஆகஸ்டு கடைசியில்தான். அதற்குள் இருவரும் உள்ளே வந்துவிட்டார்கள். திருடனின் அடையாளம் வீட்டுக்குள் தெரியும். வாசலில் நிற்கும் காவல்காரருக்குத் தெரியாது. வாசலைக் குறை சொல்லி என்ன பயன்?

அப்படியும் ஒருவன் மாட்டினான். 2001 ஆகஸ்டு 4-ந்தேதி, ஆர்லண்டோ விமான நிலையத்தில் கதானி என்ற சவூதிக்காரன் வந்து இறங்கினான். திரும்பிப்போக டிக்கெட் இல்லை. எங்கே தங்குவான் என்று சொல்லத் தெரியவில்லை. குடியேற்ற அதிகாரி ஒருவர் சந்தேகப்பட்டு, வந்த வழியே திருப்பி அனுப்பினார். அவனை அழைத்துப்போக விமான நிலையத்தில் காத்திருந்தவன் யார் தெரியுமா? கடத்தல் கும்பலின் தலைவன் முகமது அட்டா!

3 விமானங்களை ஐந்து ஐந்து பேர் கடத்தினார்கள். நாலாவது விமானத்தில் மட்டும் 4 பேர். அதில்தான் பயணிகள் எதிர்த்துப் போராடினார்கள். வாஷிங்டனை நோக்கிப் போன அந்த விமானம் பென்சில்வேனியாவில் வெட்டவெளியில் விழுந்தது. அந்த ஐந்தாவது ஆள் கதானியாக இருந்திருக்கக்கூடும்.

20 ஆண்டுப் போர்

அக்டோபர் 7-ந்தேதி ஆப்கானிஸ்தானில் போர் தொடங்கியது. பயிற்சி முகாம்கள் அழிந்தன. இதை எந்தச் சுங்க அதிகாரியாலும் செய்ய முடியாது. கதானியும் அந்தப் போரில் தப்பி ஓடும்போது பிடிபட்டான். அவன் யார் என்று காட்டிக்கொடுத்தது விரல் ரேகை. சண்டையில் பிடித்த ஆளை, வாசலில் வைத்த பதிவு அடையாளம் காட்டியது!

முகாமை அழித்ததோடு படை திரும்பவில்லை. 20 ஆண்டுகள் இருந்தது. 2,400-க்கும் அதிகமான அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். ஆப்கானியக் குடிமக்கள் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். பின்லேடன் 2011-ல் கொல்லப்பட்டதோ பக்கத்து நாடான பாகிஸ்தானில்; அதைச் செய்தது ஒரு சிறு படை, ஒரே இரவில். 2021 ஆகஸ்டில் காபூல் மீண்டும் தாலிபான் கைக்குப் போயிற்று.

வாசலிலும் தவறு நடந்தது. 2002 முதல், பெரும்பாலும் முஸ்லிம் நாடுகளைச் சேர்ந்த ஆண்களை அழைத்து, விரல் ரேகை எடுத்துப் பதிவு செய்தார்கள். 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்றார்கள். பயங்கரவாதி என்று ஒருவர் மீதும் குற்றம் நிரூபணம் ஆகவில்லை. 2011-ல் அதை நிறுத்தினார்கள்.

டயானா டீன் பார்த்தது கனடா பாஸ்போர்ட். நாட்டின் பெயரைப் பார்த்திருந்தால் விட்டிருப்பார். அவர் முகத்தைப் பார்த்தார்.

ரெஸ்ஸாமுக்கு முதலில் 22 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 2012-ல் அது 37 ஆண்டாக உயர்த்தப்பட்டது.